பாதை சீரமைப்புக்கான துணிமணி: எது தாங்கியது, எது நைந்தது

மலையேற்றத்துக்கென்று வாங்கிய பேன்ட், மலையிலும் காட்டிலும் நடைபாதை சீரமைக்கும் வேலைக்கு ஆகாது. புதிதாக வரும் தன்னார்வலர்கள் பெரும்பாலும் அதைத்தான் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். நடக்கிறவருக்கு எடை குறைவும் காற்றோட்டமும் போதும். பாதையில் வேலை செய்கிறவர் மண்டியிட்டு வடிகால் தோண்டுகிறார், வெட்டிய முள்புதரை மார்போடு அள்ளிக் கொண்டுபோய்ப் போடுகிறார், கல்லைத் தொடையில் தாங்கித் தூக்குகிறார். மெல்லிய நைலானில் முழங்கால் நூல் பிரிய ஆரம்பித்தால் மாலைக்குள் கை நுழையும் ஓட்டையாகிவிடும்.

பல ஆண்டுகளாக நான் எடுத்துப்போவது முழங்காலில் இரட்டைத் துணி வைத்துத் தைத்த கான்வாஸ் பேன்ட். அந்த இரட்டைத் துணியின் அடிப்பக்கம் தைக்காமல் திறந்திருக்கும். அதன் வழியே ஃபோம் பட்டையைச் செருகிக்கொள்ளலாம். உள்ளே சேரும் மண்ணையும் உதறிவிடலாம். வார் போட்டுக் கட்டும் தனி முழங்கால் பட்டைகளையும் பார்த்துவிட்டேன். தளர்த்தினால் கணுக்காலுக்கு இறங்கும், இறுக்கினால் முழங்காலின் பின்பக்கத்தை அறுக்கும். கான்வாஸ் பேன்ட்டில் முழங்கால் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறது. நைந்தவை வேறு இடங்கள்: மடக்கு ரம்பத்தின் கிளிப்பை மாட்டும் பாக்கெட் விளிம்பு, குதிகாலில் உரசும் கீழ்மடிப்பு, கவட்டுத் தையல். வாங்கியதுமே கவட்டில் இன்னொரு வரிசை தையல் போட்டுவிடுங்கள். மடக்கி உட்காரும்போது இழுக்காத அளவுக்குத் தொளதொளப்பும் வேண்டும்.

கான்வாஸ் என்றால் பருத்தி. மலைக்குப் பருத்தியே கூடாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். ஈரமும் குளிரும் சேர்ந்த இடத்தில் அது முழு உண்மை. நனைந்த பருத்தி தோலோடு ஒட்டி உடல் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும், காயவும் காயாது. வறண்ட வெயிலில் அதே குணம் குளிர்ச்சி தருகிறது. இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. புதர் வெட்டும் இயந்திரத்தின் சூடான சைலன்சரோ, இரவில் தெறிக்கும் நெருப்புப் பொறியோ பட்டால் பருத்தியும் கம்பளியும் கருகும். பாலியஸ்டரும் நைலானும் உருகித் தோலில் ஒட்டும். மழைக்காலப் பணிக்கு மட்டும் பருத்தியும் நைலானும் கலந்த கனத்த துணியில் தைத்த பேன்ட்டுக்கு மாறிக்கொள்கிறேன். கான்வாஸ் அளவுக்கு உழைக்காது, ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும்.

சட்டைக்குச் செலவே வேண்டாம். அலுவலகத்துக்குப் போட்டுப் பழசான முழுக்கைச் சட்டை போதும். காலரைத் தூக்கிவிட்டால் கழுத்துக்கு வெயில் படாது, மரத்தூளும் உள்ளே இறங்காது. கைப்பட்டிப் பொத்தான் கட்டாயம் இருக்க வேண்டும். தொங்கும் கையும் வெளியே விட்ட சட்டை முனையும் கிளையிலும் கருவியிலும் மாட்டும். வெளிர் நிறமாக இருந்தால் உண்ணி ஊர்வது கண்ணில் படும். பச்சையும் பழுப்பும் காட்டுக்குப் பொருத்தம் என்று எடுத்து வைக்காதீர்கள். பக்கத்தில் புலாஸ்கி வீசுகிறவர் நீங்கள் நிற்பதைப் பார்க்க வேண்டாமா? ஒருபக்கம் கோடரியும் மறுபக்கம் கொத்தும் உள்ள கருவி அது.

உள்ளே போடும் பனியனில் மெரினோ என்ற மெல்லிய ஆட்டுக் கம்பளியா பாலியஸ்டரா என்ற சண்டை ஓயாது. இரண்டையும் தேயத் தேயப் போட்டுப் பார்த்த பிறகு எனக்குக் குழப்பமில்லை: வேலைக்குப் பாலியஸ்டர், தூக்கத்துக்கு மெரினோ. கம்பளி இழை தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரத்தை உள்ளே வாங்கியும் நனைந்ததுபோல் தெரியாது, நாற்றமும் லேசில் பிடிக்காது. ஆனால் சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள மெல்லிய மெரினோ, பையின் தோள்வார் உரசும் இடத்தில் சல்லடையாகிவிடுகிறது. பாலியஸ்டர் இழை ஒரு சதவீத ஈரம்கூட வாங்காது. இடைவேளைக்குள் பாதி காய்ந்துவிடும். நாற்றம்தான் தீராத தொல்லை. துவைத்த பிறகும் வேர்த்ததும் பழைய வாடை திரும்பி வரும். பக்கத்தில் இருப்பவருக்கும் அதே வாடைதான் என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை.

கையிருப்புப் பணத்தை எதில் போடலாம் என்று கேட்டால் சாக்ஸ், கையுறை என்பேன். கம்பளி–நைலான் கலந்த தடித்த சாக்ஸ் இரண்டு ஜோடி மாற்றி மாற்றிப் போட, மூன்றாவது ஜோடி தூங்குவதற்கு மட்டும். கையுறையும் இரண்டு ஜோடி. ஆட்டுத்தோல் மெல்லியது, பிடி நன்றாகத் தெரியும். விரல் நுனியில்தான் முதலில் ஓட்டை விழும். அது நனைந்துவிட்டால் நெருப்பருகே வைக்காதீர்கள், விறைத்து வெடித்துவிடும். மழைநாளுக்கு உள்ளங்கையில் நைட்ரைல் ரப்பர் பூசிய பின்னல் கையுறை தோலைவிட மேல். ஈரக் கைப்பிடியும் வழுக்காது.

மழைச்சட்டைதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். மழையைத் தடுத்து வேர்வை ஆவியை வெளியே விடும், விலை கூடிய சவ்வுத்துணி ஜாக்கெட் நடைக்கு அருமை, முள்ளுக்குள் போனால் தாங்காது. தோண்டும்போது எப்படியும் உள்ளே வேர்வையில் நனைகிறோம். இப்போது வேலைக்கு அக்குளில் ஜிப் வைத்த சாதாரணப் பூச்சு ஜாக்கெட்; நல்லது முகாமோடு சரி. அதில் தண்ணீர் உருண்டு ஓடாமல் துணியில் ஊற ஆரம்பித்தால் உடனே தூக்கிப்போட வேண்டாம். அழுக்குப் போகத் துவைத்து, பராமரிப்புச் சீட்டு அனுமதித்தால் உலர்த்தியில் குறைந்த சூட்டில் காயவைத்தால் பெரும்பாலும் சரியாகும். துணி மென்மையாக்கி மட்டும் ஊற்றாதீர்கள்.

வேலை தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும் என்பார் எங்கள் குழுத்தலைவர். சரிதான், ஆனால் பாறையை நகர்த்தும்போது நாலு பேர் நெம்புவார்கள், மற்றவர் காத்து நிற்பார்கள். அந்த நேரத்துக்கு ஃபிளீஸ் கைக்கெட்டும் இடத்தில் வேண்டும், பையின் அடியில் இருந்து பயனில்லை. இறகு ஜாக்கெட்டை வேலையிடத்துக்கு நான் கொண்டுபோவதே இல்லை. நனைந்தால் அமுங்கிவிடும், ஒரு முள் போதும் இறகு பறக்க. விளிம்பு வைத்த தொப்பி தலைக்கவசத்துக்குள் நுழையாது. மெல்லிய கழுத்துத்துணி ஒன்று போதும்.

முகாமுக்கான துணி எல்லாவற்றையும் நீர்புகாப் பையில் கட்டிவிடுகிறேன்: மெரினோ மேல்சட்டை, கால்சட்டை, தூங்கும் சாக்ஸ், இறகு ஜாக்கெட். எத்தனை நனைந்தாலும் காலையில் அதே ஈர வேலைத்துணியைத்தான் மறுபடி மாட்ட வேண்டும். அந்த முதல் அஞ்சு நிமிஷம் கொடுமை. அதற்குப் பயந்து முகாம் துணியைத் தொட்டால் அன்றிரவு மாற்றிக்கொள்ளக் காய்ந்தது எதுவும் இருக்காது.

உண்ணி உள்ள இடமென்றால் கிளம்புவதற்கு முந்தைய நாளே வேலைத்துணிக்கு 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தைத் தெளித்து, வெளியில் தொங்கவிட்டு முழுதாகக் காயவிடுங்கள். தோலில் தெளிக்கும் மருந்தல்ல அது. ஈரமாக இருக்கும்வரை பூனை அண்டக்கூடாது, அதற்கு விஷம். மீனுக்கும்தான், ஆகவே ஓடைக்கரையில் வைத்துத் தெளிக்க வேண்டாம். வீட்டில் தெளித்தது சுமார் ஆறு சலவை அல்லது ஆறு வாரம் வரை நிற்கும். பணிக்காலத்தில் வேலைத்துணியைத் துவைக்கப் போவதில்லை என்றாலும், அதைத் தாண்டினால் மறுபடி தெளிக்க வேண்டும்.