பம்ப்புக்கு எது, கவனத்துக்கு எது? ப்ரீ-ஒர்க்அவுட் டப்பாவின் பின்பக்கம்

வேலூர் சத்துவாச்சாரியில் நான் போகும் ஜிம்மில் சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான் கூட்டம் சேரும். 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்டு கோஸ்ட்டிலும் காமன்வெல்த் பளுதூக்குதலில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் இந்தப் பகுதிக்காரர். அதனால் இரும்பைத் தூக்குவது இங்கே பெருமையான விஷயம். வேலை முடிந்து வரும் பையன்கள் ஷேக்கரில் நீலமோ சிவப்போ ஒரு ப்ரீ-ஒர்க்அவுட் பொடியை, அதாவது பயிற்சிக்கு முன் குடிக்கும் பொடியைக் குலுக்கிக் குடித்துவிட்டுத்தான் முதல் செட்டுக்கே போகிறார்கள். "அண்ணா, எதுல பம்ப் நல்லா வரும்?" என்று கேட்பார்கள். பம்ப் என்றால் பயிற்சியின்போது தசைக்குள் ரத்தம் நிரம்பிப் புடைத்து நிற்பது. நான் டப்பாவின் பெயரைச் சொல்வதில்லை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொல்கிறேன். எந்தப் பொருள், எத்தனை கிராம், எத்தனை மணிக்கு என்ற மூன்றும் தெரிந்தால் டப்பாவின் பெயர் தேவைப்படாது.

முதலில் ரத்த ஓட்டம். நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு ரத்தக்குழாயின் சுவரைத் தளர்த்தி விரியச் செய்கிறது. இதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவருக்கு 1998-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. உடம்பு அந்த வாயுவை ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தயாரிக்கிறது. அப்படியானால் ஆர்ஜினினையே விழுங்கினால் சரிதானே என்றுதான் ஆரம்ப காலப் பொடிகள் கணக்குப் போட்டன. ஆனால் வாய்வழி போகும் ஆர்ஜினினில் பெரும்பங்கைக் குடலும் கல்லீரலும் வழியிலேயே உடைத்துவிடுகின்றன. அதைச் சரிக்கட்ட அளவைக் கூட்டினால், 10 கிராமை நெருங்கும்போது பலருக்கு வயிறு கலங்கும்.

சிட்ருலின் என்ற இன்னொரு அமினோ அமிலம் சுற்றுவழியில் போய் முன்னால் வந்துவிடுகிறது. கல்லீரல் அதைப் பிடிப்பதில்லை. சிறுநீரகத்துக்குப் போய் அங்கே ஆர்ஜினினாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகளில், ஆர்ஜினின் சாப்பிட்டவர்களைவிட சிட்ருலின் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில்தான் ஆர்ஜினின் நன்றாக உயர்ந்து நீடித்தது. ஆகவே இந்த இரண்டுக்குள் என் தீர்ப்பு சிட்ருலின்தான், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆர்ஜினினை முதல் பொருளாகப் போட்டிருக்கும் டப்பாவை நான் திருப்பி வைத்துவிடுவேன்.

சிட்ருலின் என்ற பெயரே தர்பூசணியின் தாவரப் பெயரான சிட்ருலஸிலிருந்து வந்தது. 1914-இல் ஜப்பானில் தர்பூசணிச் சாற்றிலிருந்துதான் முதலில் பிரித்தெடுத்தார்கள். பங்குனி சித்திரையில் நம்மூர் பைபாஸ் ஓரம் குவித்து வைத்திருக்கும் பழத்தில் இருப்பதும் இதேதான். ஆனால் ஒரு கிலோ சதையில் ஏறக்குறைய 2 கிராம்தான் இருக்கும், ரகத்துக்கு ரகம் மாறும். 6 கிராம் வேண்டுமென்றால் மூன்று கிலோ தின்ன வேண்டும். வெயிலுக்குத் தர்பூசணி சாப்பிடுங்கள், நல்லது. பம்ப்புக்குப் பொடிதான் வசதி.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். தனி எல்-சிட்ருலின் வேறு, சிட்ருலின் மாலேட் வேறு. மாலேட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகவோ கூடவோ மாலிக் அமிலம்தான். 8 கிராம் மாலேட் எடுத்தால் 5 கிராமுக்குச் சற்று மேல்தான் சிட்ருலின் கிடைக்கும். 2010-இல் வெளிவந்து பலரும் மேற்கோள் காட்டும் பெஞ்ச் பிரஸ் ஆய்வு அந்த 8 கிராம் மாலேட்டை வைத்துச் செய்தது. கடைசி செட்டுகளில் கூடுதல் ரெப் (எடையைத் தூக்கி இறக்கும் தடவை) போட முடிந்தது என்றது. அதன்பின் வந்த ஆய்வுகள் சில ஆமென்றன, சில பெரிய வித்தியாசம் இல்லை என்றன. பலன் உண்டு, ஆனால் சிறியது என்று எடுத்துக்கொள்கிறேன். "1.5 கிராம் சிட்ருலின்" என்று போட்டிருக்கும் பொடியிலோ அந்தச் சிறிய பலனும் கிடைக்காது.

மூன்றாவது போட்டியாளர் பீட்ரூட். இது ஆர்ஜினின் பக்கமே போகாது. பீட்ரூட்டிலும் கீரைகளிலும் உள்ள நைட்ரேட்டை நாக்கில் வாழும் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்ற, அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது. கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டு வாயைக் கொப்பளித்தால் அந்த பாக்டீரியா செத்து, குடித்த ஜூஸ் வீணாகும். 2009-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் தினம் அரை லிட்டர் பீட்ரூட் ஜூஸ் ஆறு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். அதே வேகத்தில் சைக்கிள் மிதிக்கக் குறைந்த ஆக்சிஜனே போதுமானதாக இருந்தது. அதனால் கோட்டையைச் சுற்றி ஓடுகிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் நான் பீட்ரூட்டைத்தான் முதலில் சொல்வேன். எடை தூக்குகிறவர்களுக்கு சிட்ருலின். பீட்ரூட் உச்சத்துக்கு வர இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். ஆறரை மணி ஜிம்முக்கு நான்கு மணிக்கே குடித்துவிட வேண்டும். வேகவைத்துத் தண்ணீரை வடித்துச் செய்த பொரியலில் நைட்ரேட்டின் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். சிறுநீர் சிவந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் தினசரி பீட்ரூட் ஜூஸை வைத்துக்கொள்ள வேண்டாம், அதில் ஆக்சலேட் அதிகம்.

பொடி குடித்ததும் முகமும் காதும் சுருசுருவென்று அரிக்கும், "வேலை செய்யுது" என்பார்கள். அது பொடியில் உள்ள பீட்டா அலனின் என்ற அமினோ அமிலத்தின் வேலை. ரத்த ஓட்டத்துக்கும் கவனத்துக்கும் அதோடு சம்பந்தமில்லை. வாரக்கணக்கில் தினமும் எடுத்தால்தான் அதற்கென்று உள்ள பலனும் வரும்.

அப்புறம் கவனம். இந்தப் பக்கத்தில் காஃபினோடு மற்றவற்றை ஒரே தட்டில் வைக்கவே முடியாது. சோர்வைச் சொல்லும் அடினோசின் போய் உட்காரும் இடத்தில் காஃபின் உட்கார்ந்துவிடுகிறது, அதனால் களைப்பு தெரிவதில்லை. கிலோவுக்கு 3 மில்லிகிராமே பெரும்பாலோருக்குப் போதும். 70 கிலோ ஆளுக்கு 210. பல பொடிகளில் ஒரு ஸ்கூப்பே 200, 300 என்று வருகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன பாதுகாப்பான அளவு ஒரே தடவையில் 200, ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம். பகலில் குடித்த காபியும் டீயும் இந்தக் கணக்கில் சேரும். ஃபில்டர் காபியை நம்புகிறவர்கள் சிக்கரி சதவீதத்தைப் பாருங்கள், சிக்கரியில் காஃபின் கிடையாது.

காஃபினின் குறை அதன் கடிகாரம்தான். உடம்பில் அது பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரமாகும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மே மாதம், மாலை ஏழு மணிக்கு ஒன்றரை ஸ்கூப், அதாவது 300 மில்லிகிராம் எடுத்தேன். நடுராத்திரி பன்னிரண்டுக்கும் 150 உள்ளே ஓடிக்கொண்டிருந்திருக்கும். நெஞ்சு படபடவென்று அடிக்க, விடியற்காலை மூன்று வரை மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் எதையும் தூக்க முடியவில்லை. தூக்கத்தைக் கெடுக்கும் எதுவும் தசைக்கு நல்லது செய்யாது என்பதை அன்றுதான் உடம்பால் உணர்ந்தேன்.

தியானின் டீ இலையில் இருப்பது. தனியாக அது உற்சாகம் தராது. காஃபினோடு சேரும்போது படபடப்பைக் குறைத்து, ஒரு வேலையில் மனம் நிற்க உதவுகிறது. 100 மில்லிகிராம் காஃபினுக்கு 200 தியானின் என்று நான் எடுக்கிறேன், வெறும் காஃபினைவிட எனக்கு இது நிதானமாக இருக்கிறது. டைரோசின் என்ற அமினோ அமிலம் வேறு ரகம். மூளையை விழிப்பாக வைக்கும் டோபமினும் நார்அட்ரினலினும் அதிலிருந்துதான் உருவாகின்றன. 1989-இல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் கடுங்குளிரும் மலையுயரமும் சேர்ந்த சூழலில் வீரர்களிடம் சோதித்தபோது பலன் தெரிந்தது. நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு வருகிறவருக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர் முயன்று பார்க்கலாம். கவனத்துக்கென்று போடும் இன்னொரு பொருளான, கோலின் தரும் ஆல்ஃபா ஜிபிசி விலை அதிகம், ஆதாரம் குறைவு. அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம், கோலின் அதிலும் இருக்கிறது.

அளவுகளைத் தனித்தனியே சொல்லாமல் "பிளெண்டு" என்று மொத்தக் கிராமை மட்டும் போடும் டப்பாவை வாங்காதீர்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். போட்டிக்குப் போகிற பையன்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காஃபினை 2004-இல் விளையாட்டு ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் டிஎம்ஏஏ போன்ற ஊக்கிகள் தடையில்தான் இருக்கின்றன. ரத்த அழுத்த மாத்திரை, நெஞ்சுவலி மாத்திரை, ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சிட்ருலினையோ பீட்ரூட் பொடியையோ தொடக் கூடாது, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடலாம்.

நம்மூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மாதங்களில் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர் வருகிறது. வியர்த்து ரத்தத்தின் நீர் குறைந்திருந்தால் எந்தச் சிட்ருலினும் பம்ப் தராது. ஆறரை மணிப் பையன்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான்: ஐந்து மணிக்கு உப்புப் போட்ட மோர் ஒரு பெரிய டம்ளர், ஐந்தரைக்கு 6 கிராம் எல்-சிட்ருலின், காஃபின் வேண்டாம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு வருகிறவர்கள் மட்டும் கிளம்புமுன் ஒரு காபி குடித்துவிட்டு வரட்டும்.