பழைய மெத்தையை எடுத்துப்போகும் சனிக்கிழமை வண்டி

தினமும் வரும் குப்பை வண்டியில் மெத்தை, சோபா எல்லாம் வாங்க மாட்டார்கள். காயலான் கடைக்காரரோ இரும்புக் கட்டிலை எடைக்கு எடுத்துக்கொண்டு மெத்தையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, காயர் மெத்தை என்பது தேங்காய் நாரை ரப்பர் பாலோடு சேர்த்து அழுத்திச் செய்வது, அப்புறம் நாரும் தனியாக வராது ரப்பரும் தனியாக வராது, அதை யார் விலைக்கு வாங்குவார்கள்? காலி மனைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் மெத்தை கிடப்பது இதனால்தான்.

சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரில் இதற்கென்றே ஒரு சேவை தொடங்கியது. 1913 என்ற எண்ணில் அழைத்தோ நம்ம சென்னை செயலியிலோ பதிவு செய்தால் சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் மெத்தையும் நுரை பிதுங்கிய சோபாவும் போயின, யாரும் காசு கேட்கவில்லை. வேலை நாளில் வராமல் சனிக்கிழமை வருவது பெரிய உபகாரம்.

ஆனால் ஒன்று, இதை மறுசுழற்சி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இப்படிப் போகும் மெத்தையும் சோபாவும் எரியூட்டும் ஆலைக்குத்தான் போகின்றன. கால்வாயில் கிடப்பதற்கு அது எவ்வளவோ மேல், சரி. இருந்தாலும் இன்னொருவர் உட்காரக்கூடிய நாற்காலியை, படுக்கக்கூடிய கட்டிலை இந்த வண்டியில் ஏற்றாதீர்கள், வாட்ச்மேனிடமோ வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமோ முதலில் கேளுங்கள். இலவம்பஞ்சு மெத்தை என்றால் தூக்கிப்போடவே வேண்டாம், பஞ்சை அடித்துப் புது உறை போட்டால் மறுபடியும் படுக்கலாம்.

பழைய டப்பா டிவி வேறு கதை. அதைக் காயலான் கடையில் ஆசையாக வாங்குவார்கள், உள்ளே இருக்கும் செம்புக்காக. படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, செம்பை உருவிய பிறகு அந்தக் கண்ணாடி எங்கே உடைபடும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கிடைக்கிற சொற்பக் காசைப் பார்க்காமல் மின்கழிவு என்று சொல்லித் தனியாகக் கொடுத்துவிடுங்கள். டியூப்லைட்டும் அப்படித்தான், உள்ளே பாதரசம், உடையாமல் அட்டையில் சுற்றிக் கொடுக்க வேண்டும்.

மொத்தத்தில் இந்தச் சனிக்கிழமைச் சேவைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். மழைக்காலத்தில் பதிவு செய்பவர்கள் மட்டும் மெத்தையை முந்தின நாளே வாசலில் போட்டு வைக்காதீர்கள், காயர் நனைந்துவிட்டால் இரண்டு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாது.