காட்பாடி டீக்கடையில் விடிகாலை பேஸ்பால்

அக்டோபரில் சியாட்டிலில் மாலை ஐந்து மணி என்றால் காட்பாடியில் மறுநாள் விடிகாலை ஐந்தரை. இந்தக் கணக்கை வைத்துத்தான் நான் கடை தேடினேன். ஐந்தரைக்குத் திறந்திருக்க வேண்டும், டிவி இருக்க வேண்டும், மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் முகம் சுளிக்கக் கூடாது. சத்துவாச்சாரி, தோட்டப்பாளையம் என்று அலைந்துவிட்டுக் கடைசியில் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில், பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு டீக்கடையில் வந்து நின்றேன். 2025 பிளே ஆஃபில் எங்கள் அணி ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களில் பத்தை அங்கேதான் பார்த்தேன். மீதி இரண்டும் நள்ளிரவுக்கு மேல் தொடங்கியவை, அவற்றை வீட்டில் போர்வைக்குள் போனில் பார்த்தேன்.

எங்கள் அணி என்று நான் சொல்வது சியாட்டில் மரைனர்ஸை. 2018 முதல் 2023 வரை சியாட்டில் பக்கத்தில் ரென்டனில் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் காந்தி நகருக்கே திரும்பிவிட்டோம். அவர் கட்டில் ஹாலில்தான் இருக்கிறது, அவர் கண் அசருவதே மூன்று மணிக்கு மேல். அதனால் விடிகாலையில் வீட்டில் டிவி போட வழியில்லை.

முதலில் டீயைச் சொல்லிவிடுகிறேன், பேஸ்பால் பார்க்காதவர்களும் அதற்காகவே போகலாம். லத்தேரி பக்கமிருந்து கேனில் பால் வருகிறது. கடைக்காரர்தான் மாஸ்டரும். அறுபது வயதிருக்கும், நான் அண்ணா என்று கூப்பிடுவேன். தூளை வெந்நீரில் நெடுநேரம் கிடக்க விடமாட்டார், பத்துப் பன்னிரண்டு டீக்கு ஒருமுறை வடிகட்டித் துணியை உதறிவிட்டுப் புதுத் தூள் போடுவார். எட்டு மணிக்குக் குடித்தாலும் ஐந்து மணி டீயின் ருசியே இருப்பது அதனால்தான். டீ 12 ரூபாய். இஞ்சி தட்டிப் போடச் சொன்னாலும் அதே விலை. ஆறரை மணிக்கு மேல் அக்கா போடும் மசால் வடை வரும், 8 ரூபாய். பருப்பைப் பாதி அரைத்துப் பாதி முழுசாக விட்டு, சோம்பைத் தாராளமாகப் போட்டிருப்பார்கள். இரண்டாவது ஈடு நன்றாக இருக்கும். முதல் ஈட்டில் எண்ணெய் சரியாகக் காய்ந்திருக்காது.

டிவி கல்லாவுக்கு மேலே உயரத்தில் மாட்டியிருக்கிறது. வழக்கமாக அதில் செய்திச் சேனல் ஓடும். அக்டோபர் 5-ஆம் தேதி, முதல் ஆட்டத்தன்று, தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "வேற யாரும் பாக்கல தம்பி, சும்மாதான் ஓடிகினு கீது, உன்னுத போட்டுக்கோ" என்று ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டார். பாலிடெக்னிக் படிக்கும் அவர் மகன் என் போனை டிவியோடு இணைத்துக் கொடுத்தான். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் ஆன்லைன் சேவையான எம்.எல்.பி. டிவிக்குச் சந்தா கட்டியிருந்தால் இந்தியாவில் பிளே ஆஃப் ஆட்டங்களும் நேரலையாகவே வரும். என் போனில் நெட்வொர்க் அறுந்து அறுந்து வந்ததால் மூன்றாம் நாளிலிருந்து அந்தப் பையனின் போனில்தான் ஹாட்ஸ்பாட். ஒரு மாதத்துக்கு அவன் ரீசார்ஜை நான் ஏற்றுக்கொண்டேன்.

அந்த நேரத்தில் கடைக்கு வருகிறவர்கள் ஆட்டோக்காரர்கள், ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்குப் போகிறவர்கள், ரயிலிலிருந்து இறங்கி சி.எம்.சி.க்குப் போகும் வங்காளக் குடும்பங்கள். எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துக்கொண்டு டீ குடிப்பார்கள். நிமிர்ந்து திரையைப் பார்த்துவிட்டு, இது என்ன ஆட்டம் என்று ஜாடையிலேயே கேட்பார்கள்.

அண்ணா கேட்கும் கேள்விகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். "இன்னாத்துக்குபா அவன் அடிக்காமலே நடந்து போறான்?" நாலு பந்து தப்பாகப் போட்டால் ஒரு பேஸ், அதாவது ஓட்டத்தில் ஒரு கட்டம், இலவசம் என்றேன். "வைட் மாதிரி. ஆனா நாலு சேந்தாதான் காசு." ஒரே கேள்வியில் பிடித்துக்கொண்டார். எங்கள் அணியின் கால் ராலிக்கு அவர் வைத்த பெயர் 'கூண்டுக்காரர்', முகத்தில் கம்பிக் கூண்டு போட்டுக்கொண்டு பேட்டருக்குப் பின்னால் உட்காருகிற கேட்சர் என்பதால். அந்தக் கூண்டுக்காரர் 2025 சீசனில் 60 ஹோம் ரன் (சிக்ஸர் மாதிரி, வேலியைத் தாண்டும் அடி) அடித்தார். கேட்சராக இருப்பவர் ஒரு சீசனில் அதுவரை அதிகபட்சம் அடித்தது 48. ஆட்டம் முழுக்கக் குந்தி உட்கார்ந்து, மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்தை வாங்கிக்கொண்டே இருக்கிற ஆள் அடித்த 60 இது. "முட்டி தாங்குமாபா?" என்றார் அண்ணா. நாற்பது வருடமாக நின்றே டீ ஆற்றுகிறவர்.

மரைனர்ஸ் 1977-இல் தொடங்கிய அணி. மேஜர் லீகில் இருக்கும் 30 அணிகளில் இறுதித் தொடரான வேர்ல்டு சீரீஸில் ஒரு ஆட்டத்தில்கூடக் கால் வைக்காதது இது ஒன்றுதான். 2001-இல் ஜப்பான் வீரர் இச்சிரோ வந்த வருடம் 116 ஆட்டம் ஜெயித்தும் பிளே ஆஃபில் நியூயார்க் யாங்கீஸிடம் தோற்றுத் திரும்பினார்கள். அப்புறம் 2022 வரை பிளே ஆஃப் பக்கமே போகவில்லை. 2022 செப்டம்பர் 30 இரவு நான் ஸ்டேடியத்தில் மேல் வரிசையில் இருந்தேன். ஒன்பதாவது இன்னிங்ஸ், 1-1, இரண்டு அவுட். இதே ராலி மாற்று பேட்டராக வந்து பந்தைத் தூக்கி அடித்தார். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து நான் இந்த அணியை விட்டதில்லை.

இந்த முறை 90 வெற்றிகளோடு பிரிவில் முதலிடம். 2001-க்குப் பிறகு முதல் தடவை. பிளே ஆஃபில் டெட்ராய்ட்டோடு ஆடிய ஐந்து ஆட்டத் தொடரின் கடைசி ஆட்டம் நமக்கு அக்டோபர் 11, சனிக்கிழமை காலை. டெட்ராய்ட்டின் பிட்சர் (பந்து வீசுபவர்) ஸ்கூபல் ஆறே இன்னிங்ஸில் பதிமூன்று பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அவர் இறங்கியதும்தான் எனக்கு மூச்சு வந்தது. 2-2 என்று நின்ற ஆட்டம் நகரவே இல்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று இன்னிங்ஸ் போய்க்கொண்டே இருந்தது. வழக்கமாக முதல் இன்னிங்ஸிலிருந்து வீசும் எங்கள் கில்பர்ட்டும் காஸ்டியோவும் நடுவில் வந்து வீசினார்கள். கடையில் காலைக் கூட்டம் வந்து போய், பால் இரண்டாவது முறை காய்ந்து, வடைச் சட்டியை இறக்கிவிட்டார்கள். பதினைந்தாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள் நிற்க, எங்கள் பொலான்கோ அடித்த பந்து வலதுபக்கம் உருண்டு போனது, ஜெயித்துவிட்டோம். மணி பத்தரை. நான் ஏழாவது டீயில் இருந்தேன். அண்ணா கல்லாவை விட்டு வெளியே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கு வாங்கிய காசு நான்கு டீக்கு மட்டும்.

அடுத்த வாரம் டொரன்டோவோடு ஏழு ஆட்டத் தொடர், நான்கு ஜெயித்தால் வேர்ல்டு சீரீஸ். அங்கே போய் முதல் இரண்டையும் ஜெயித்துவிட்டு, சொந்த ஊரில் மூன்றாவதையும் நான்காவதையும் கொடுத்துவிட்டார்கள். 13-4, 8-2. அந்த இரண்டு காலையும் வடைகூட இறங்கவில்லை எனக்கு. ஐந்தாவது ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸில் 2-1 பின்தங்கியிருந்தபோது கூண்டுக்காரர் சமன் செய்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் சுவாரெஸ் மூன்று பேஸும் நிரம்பியிருக்க ஹோம் ரன் அடித்தார். 6-2. இன்னும் ஒன்று ஜெயித்தால் போதும். ஆறாவதில் தோற்றோம். ஏழாவது ஆட்டம் அக்டோபர் 21, செவ்வாய்க்கிழமை. தீபாவளிக்கு மறுநாள்.

தெரு முழுக்கப் பட்டாசுக் காகிதம். ஸ்டேஷன் பக்கம் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. அண்ணாவுக்கும் அன்று லீவுதான், குடும்பத்தோடு மாமியார் ஊருக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். நான் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. "பத்து மணி பஸ்ல போய்க்கலாம், உள்ள வா" என்றார். வடை இல்லை, பால் அரை கேன்தான். அக்கா ஒரு டப்பாவில் அதிரசம் கொடுத்துவிட்டிருந்தார்.

ஜூலியோ ரொட்ரீகஸ் ஒரு ஹோம் ரன், ராலி ஒரு ஹோம் ரன். 3-1 முன்னிலை. இன்னும் ஒன்பது அவுட் எடுத்தால் நாற்பத்தெட்டு வருடக் காத்திருப்பு முடியும். ஏழாவது இன்னிங்ஸில் எங்கள் பிட்சர் பிரையன் வூ முதல் ஆளை நடக்க விட்டார், அடுத்தவர் சிங்கிள் அடித்தார். மூன்றாமவர் பந்தை வேண்டுமென்றே மெதுவாகத் தட்டி, தான் அவுட் ஆகி, மற்ற இருவரையும் ஒரு பேஸ் முன்னே தள்ளினார். நான் விளக்குவதற்குள் அண்ணாவே, "தன்ன குடுத்து மத்தவங்கள ஏத்தி வுட்டான்" என்றார். டிவியில் டொரன்டோ கூட்டம் எழுந்து நின்றது. நம் மேனேஜர் டான் வில்சன் வூவை எடுத்துவிட்டு பசார்டோவைக் கொண்டுவந்தார்.

இதை நான் மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆந்த்ரேஸ் முனோஸ்தான் இந்த அணியின் மிகச் சிறந்த கடைசி நேரப் பிட்சர். அவரை ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு என்று பத்திரப்படுத்துவது சாதாரண நாளுக்குச் சரி. ஏழாவது ஆட்டத்தில், இரண்டு பேஸில் ஆள் நிற்கும்போது, எதிரே ஜார்ஜ் ஸ்பிரிங்கர் போன்ற அனுபவசாலி நிற்கும்போது, அந்த நிமிடம்தான் ஒன்பதாவது இன்னிங்ஸ். முனோஸ் வந்திருக்க வேண்டும். பசார்டோமேல் எனக்குக் கோபம் இல்லை, வருடம் முழுக்க நன்றாக வீசியவர். ஸ்பிரிங்கர் அடித்த பந்து இடதுபக்க வேலியைத் தாண்டியது. 4-3. கடைசி ஸ்கோரும் அதுதான்.

என் கையில் இருந்த கிளாஸை அண்ணா மெல்ல வாங்கி வைத்தார். அடுப்பைக் குறைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் புதுத் தூள் போட்டு இரண்டு டீ ஆற்றினார். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. கடைசி அவுட் வரை கூடவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எந்தக் கடையிலும் இதற்கு விலைப் பட்டியல் கிடையாது. இந்தக் கடைக்கு நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பது அந்த ஒரு டீக்காக.

வேர்ல்டு சீரீஸையும் அங்கேயே பார்த்தேன். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் ஏழாவது ஆட்டத்தில் 11 இன்னிங்ஸ் போய் 5-4 என்று டொரன்டோவை வென்றது. அந்த அணியின் யாமமோட்டோவின் பிட்சிங்கை யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஆனால் மனசு ஒட்டவில்லை.

இனி 2026. பொங்கலன்று கடைக்குப் போனபோது அண்ணா கேட்டது, "நம்ம ஆளுங்க இந்த வருசம் தேறுவாங்களா?" தேறுவார்கள் என்றுதான் சொன்னேன், சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. எங்கள் பேட்டர் ஜாஷ் நேலரை ஐந்து வருட ஒப்பந்தத்தில் இருத்திக்கொண்டார்கள், 9 கோடியே 25 லட்சம் டாலர். அவர் போயிருந்தால் ராலிக்குப் பின்னால் பேட்டிங் காலியாகியிருக்கும். பொலான்கோ நியூயார்க் மெட்ஸுக்குப் போனது பெரிய இழப்பு, அந்தப் பதினைந்தாவது இன்னிங்ஸ் அடி அவருடையது. ஆனால் இந்த அணியின் அஸ்திவாரம் பிட்சிங். கில்பர்ட், கிர்பி, வூ, காஸ்டியோ, மில்லர் என்று வரிசையாக ஐந்து பேர். ராலி மறுபடி 60 அடிக்க வேண்டாம், 40 அடித்து முட்டி நல்லபடி இருந்தால் போதும். ஜூலியோ வருடாவருடம் முதல் பாதியில் மந்தமாகத் தொடங்குகிறார், அது மட்டும் மாறினால் பிரிவில் இன்னும் ஐந்தாறு வெற்றி கூடும். அப்படிக் கூடினால் ஏழாவது ஆட்டம் டொரன்டோவில் இல்லாமல் சியாட்டிலிலேயே நடக்கும். அது சின்ன விஷயம் இல்லை.

கடையில் குறை என்று பார்த்தால், டிவி உயரத்தில் இருப்பதால் கழுத்து பிடித்துக்கொள்ளும், சுவரோரப் பெஞ்சில் சாய்ந்து உட்காருங்கள். ஏழு மணிக்கு மேல் கிழக்கு வெயில் திரையில் விழுந்து ஸ்கோர் தெரியாது. நான் சொன்ன பிறகு அண்ணா ஒரு கோணியைக் கட்டிவிட்டிருக்கிறார், பாதி மறைக்கும். இட்லிக்கு ஊற்றும் சாம்பார் தண்ணீராக இருக்கும், வடையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கழிப்பறை கிடையாது, ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும். பதினைந்து இன்னிங்ஸ் பார்க்கப் போகிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

காலை நான்கு மணிக்குத் திறந்துவிடுவார்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் மூடல். ஜிபே உண்டு. சீசன் மார்ச் கடைசியில் தொடங்குகிறது. சியாட்டிலில் மாலை 6:40-க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் காலை 7:10, அதாவது இரண்டாவது ஈடு வடை நேரம். பால் கணக்கு எழுதும் காலண்டரில், மார்ச் பக்கத்தின் அடியில், அண்ணா ஏற்கெனவே 'கூண்டு' என்று எழுதி வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.