1955 லிங்கன் சென்ட்: தேய்ந்த அச்சுக் காசை 'டபுள்டு டை' என்று விற்பவர்கள் – ஓர் எச்சரிக்கை

பழைய அமெரிக்கக் காசுகளில் 'டபுள்டு டை' எனப்படும் இரட்டை அச்சு ரகங்களை, அதாவது காசடிக்கும் அச்சிலேயே உருவம் இரட்டித்துப் பதிந்திருப்பதால் எழுத்துகள் இரண்டாகத் தெரியும் காசுகளை, தேடத் தொடங்கியிருப்பவர்கள், இணைய ஏலத்தில் பணம் செலுத்துவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். வங்கியில் 50 காசுகள் கொண்ட பென்னி (ஒரு சென்ட்) சுருள்களை வாங்கி வந்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, வேண்டாதவற்றைத் திருப்பிக் கொடுப்பது என் மாலை நேரப் பழக்கம். அதில் யாருக்கும் நட்டமில்லை. நட்டம் வந்தது, அரிய ரகங்களைத் தேர்ந்தெடுத்துத் தருவதாக விளம்பரம் செய்திருந்த ஒரு விற்பனையாளரிடம்.

அவரிடம் நான் வாங்கியவை இரண்டு: லிங்கனின் தலை பொறித்த சென்ட் காசுகளில், 140 டாலருக்கு ஒரு 1955 சென்ட், 60 டாலருக்கு ஒரு 1969-எஸ் சென்ட் ('எஸ்' என்பது அது சான் பிரான்சிஸ்கோவில் அடிக்கப்பட்டதைக் காட்டும் முத்திரை). புகழ்பெற்ற 1955 இரட்டை அச்சுக் காசு, புழக்கத்தில் தேய்ந்த நிலையிலும் ஆயிரம் டாலருக்கு மேல் போகும் என்பது இந்தத் துறையில் நுழைந்த முதல் வாரத்திலேயே எவருக்கும் தெரிந்துவிடும். அது அந்த விற்பனையாளருக்கும் தெரியும். ஆகவே அவர், இது அந்தப் புகழ்பெற்ற காசு அல்ல, அதே ஆண்டில் வேறோர் அச்சில் உண்டான மெல்லிய இரட்டிப்பு, அதனால்தான் விலை குறைவு என்று எழுதியிருந்தார். 1969-எஸ் காசுக்கும் இதே விளக்கம்தான். புதியவரை ஏமாற்ற இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது, ஏனென்றால் சிறிய ரகங்கள் உண்மையிலேயே நிறைய இருக்கின்றன, அவற்றின் விலையும் உண்மையிலேயே குறைவு.

காசுகள் அட்டை உறையில் வந்தன. உறையின் பிளாஸ்டிக் சன்னல் முழுவதும் கீறல். லென்ஸை வைத்தால் எழுத்துகளின் விளிம்பைவிடப் பிளாஸ்டிக்கின் கோடுகள்தான் தெளிவாகத் தெரிந்தன. உறையின் பின்புறம், ஸ்டேப்பிள் ஊசியைப் பிரித்தால் பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. காசைச் சோதிக்க வேண்டுமானால் உறையைப் பிரிக்க வேண்டும், பிரித்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடும். இது தற்செயலாக அமைந்த நிபந்தனை என்று என்னால் நம்ப முடியவில்லை.

அருகில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சிக்கு இரண்டையும் எடுத்துச் சென்றேன். பிழைக் காசுகளை மட்டுமே வாங்கி விற்கும் முதியவர் ஒருவர், உறையைப் பிரித்து, காசை விளக்கின் கீழ் மெல்லச் சுழற்றிக் காட்டினார். 1955 காசில் கடைசி 5-க்கு மட்டும் நிழல்போல ஒரு விளிம்பு இருந்தது. 'லிபர்ட்டி' என்ற சொல்லிலோ, மேலே உள்ள 'இன் காட் வீ டிரஸ்ட்' வாசகத்திலோ எதுவும் இல்லை. உண்மையான 1955 இரட்டை அச்சில் ஆண்டும் இந்த எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரியும். என் கையில் இருந்தது, சேகரிப்பாளர்கள் 'ஏழையின் டபுள்டு டை' என்று அழைக்கும் காசு. அளவுக்கு மீறி உழைத்துத் தேய்ந்துபோன அச்சில் அடித்ததால் விளிம்புகள் கலங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். அவர் தம் மேசையில் இருந்த ஒரு டப்பாவைக் காட்டி, அதில் உள்ளவற்றை ஓரிரு டாலருக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

1969-எஸ் காசு இன்னும் தெளிவான மோசடி. அதை விளங்கிக்கொள்ள, இரட்டிப்பு எங்கே பிறக்கிறது என்பது தெரிய வேண்டும். அக்காலத்தில், 'ஹப்' எனப்படும் மூல அச்சை எஃகுத் துண்டின்மேல் ஒருமுறை அழுத்தி, எஃகு இறுகிவிடுவதால் அதைச் சூடாக்கி இளக்கி, மறுபடியும் அழுத்திக் காசடிக்கும் அச்சை உருவாக்கினார்கள். இரண்டாவது அழுத்தம் இம்மியளவு திரும்பி விழுந்தால் இரட்டை உருவம் அந்த அச்சிலேயே பதிந்துவிடும். அதில் அடிக்கப்படும் எல்லாக் காசுகளும் ஒரேமாதிரி இருக்கும். ஆனால் சான் பிரான்சிஸ்கோவைக் குறிக்கும் 'எஸ்' முத்திரை அன்று ஹப்பில் கிடையாது. அச்சு தயாரான பிறகு அதைத் தனியாகக் கையால் தட்டிப் பதித்தார்கள். எனவே உண்மையான 1969-எஸ் இரட்டை அச்சில் ஆண்டும் எழுத்துகளும் இரட்டித்திருக்கும், 'எஸ்' ஒற்றையாகவே நிற்கும். எனக்கு வந்த காசில் ஆண்டும் 'எஸ்'ஸும் ஒரே திசையில், ஒரே அளவில் இரட்டித்திருந்தன. காசை அடித்த மறுநொடியில் அச்சு ஆடியதால் உண்டான இயந்திர இரட்டிப்பு அது. அதற்குத் தனி மதிப்பு எதுவும் கிடையாது.

அந்தப் பெரியவர் எழுத்தின் விளிம்பையும் பார்க்கச் சொன்னார். இயந்திர இரட்டிப்பில், எழுத்தின் ஒரு பக்கம் நசுங்கித் தட்டையான படிபோலத் தாழ்ந்திருக்கும், எழுத்து மெலிந்திருக்கும். உண்மையான இரட்டை அச்சில் இரண்டு உருவங்களுக்குமே உருண்ட மேடு இருக்கும், எழுத்து தடித்திருக்கும், அதன் முனைகள் பிளந்து தெரியும். இந்த வேறுபாட்டை ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. விற்பனையாளரின் படங்களோ, ஒரே பக்கத்திலிருந்து தாழ்வாக விளக்கைப் பாய்ச்சி எடுக்கப்பட்டவை. அப்படி எடுத்தால் எந்தப் படியும் இரண்டாவது எழுத்தாகத்தான் தோன்றும்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது, உறை பிரிக்கப்பட்டுவிட்டது என்ற ஒரே வரிப் பதில் வந்தது. ஏலத் தளத்தில் புகார் செய்தேன். பொருள் படத்தில் உள்ளபடியே இருக்கிறது என்று கூறிப் புகாரை முடித்துவிட்டார்கள். 200 டாலரும் போனது போனதுதான்.

இத்தகைய 'சிறிய ரகம்' எதையாவது எவரேனும் உங்களிடம் விற்க வந்தால், அதன் பட்டியல் எண்ணைக் கேளுங்கள். கொனேகா போன்ற பிழைக் காசுச் சேகரிப்பாளர் அமைப்புகள் ஒவ்வோர் இரட்டை அச்சுக்கும் தனி எண் கொடுத்திருக்கின்றன. வெரைட்டி விஸ்டா தளத்தில் அவற்றின் படங்களை இலவசமாகவே பார்க்கலாம். எண்ணைச் சொல்லத் தயங்குகிறவரிடம் பேரம் பேசிப் பயனில்லை.

அதே விற்பனையாளர் இப்போது ஒரு 1972 சென்ட்டை ஏலத்துக்கு வைத்திருக்கிறார். இந்த முறை, அந்த ஆண்டின் இரட்டை அச்சுகளில் முதல் எண் பெற்ற புகழ்பெற்ற அச்சு என்றே எழுதியிருக்கிறார். அந்த அச்சின் காசுகளில், பின்பக்கத்தில் 'யுனைட்டெட்' என்ற சொல்லின் கடைசி 'டி'க்கு மேலே, ஓரத்தை ஒட்டி ஒரு சிறு வெட்டுத் தழும்பு இருக்கும். அவருடைய விளம்பரத்தில் பின்பக்கப் படம் ஒன்றுகூட இல்லை. படம் கேட்டு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இதுவரை அவர் பதில் தரவில்லை.