ஹாடன் ஹாலா, ஹார்ட்விக் ஹாலா?

கட்டடக்கலையில் எது உசத்தி? இரண்டுமே இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள பழைய மாளிகைகள். ஹாடன் ஹால் 12ஆம் நூற்றாண்டு முதல் தலைமுறை தலைமுறையாக ஒட்டிச் சேர்த்துக் கட்டியது. இரண்டு முற்றங்கள், ஏறி இறங்கும் கூரைகள். 1700 வாக்கில் உரிமையாளர்கள் வேறு மாளிகைக்குப் போய்விட, பின்னால் வந்த புது பாணிகள் இதைத் தொடவே இல்லை.

ஹார்ட்விக் நேரெதிர். 1590இல் தொடங்கி ஏழே ஆண்டில் முடிந்தது. வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்பார்கள். இடமும் வலமும் ஒரே அச்சு. ஆறு கோபுரங்களின் உச்சியிலும் எஜமானி பெஸ்ஸின் பெயரெழுத்துகள்! கண்ணாடி விலை உயர்ந்திருந்த காலத்தில் சுவரைவிட ஜன்னலே அதிகம். முக்கிய அறைகள் மேல்தளத்தில் என்பதால், மாடி ஏற ஏற ஜன்னலும் உயரமாகிறது. பெருங்கூடத்தையும் வழக்கம்போலக் குறுக்கே போடாமல், வாசலுக்கு நேராகத் திருப்பினார்கள். அன்றைக்கு அது புதுமை. பகட்டுதான், ஆனால் கணக்குப் பிசகாத பகட்டு. அவ்வளவு ஜன்னலோடு குளிர்காலத்தை எப்படிச் சமாளித்தார்களோ! கட்டடக்கலை என்று பார்த்தால் என் ஓட்டு ஹார்ட்விக்குக்குத்தான்.