வீட்டு கம்ப்யூட்டர்ல ரெண்டு ஹார்ட் டிஸ்க் மிரர் போட்டு ஆறு வருஷம் ஆச்சு

2018ல எங்க வீட்டு 2 டிபி டிஸ்க் ஒரு நாள் காலையில டக் டக்னு சத்தம் போட்டு நின்னுபோச்சு. பொண்ணோட காதுகுத்து போட்டோ மொத்தமும் அதுலதான் இருந்துச்சு, சொந்தக்காரங்க போன்ல இருந்து கேட்டு வாங்கினதுல ஒரு நாப்பது தேறுச்சு, அவ்ளோதான். அப்பா குரல் இருக்கற கேசட்டை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தலாம்னு அப்பதான் ஆரம்பிச்சிருந்தேன், அப்பா இப்ப இல்ல, அது போனா யார்கிட்ட போய் கேக்கறது. அந்த பயத்துலதான் 2019 பொங்கல் லீவுல ரெண்டு 4 டிபி டிஸ்க் வாங்கி ரெய்டு 1 போட்டேன், அதாவது எது எழுதினாலும் ரெண்டு டிஸ்க்லயும் ஒரே மாதிரி எழுதும், ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணுல அப்படியே இருக்கும், இதைத்தான் மிரர்னு சொல்றோம்.

டிஸ்க் ரெண்டையும் ஒரே இடத்துல வாங்கல. ஒண்ணு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல, இன்னொண்ணு ஆன்லைன்ல வேற கம்பெனி. ஒரே பேட்ச்ல வந்ததுன்னா ஒரே குறை ரெண்டுலயும் இருக்க வாய்ப்பு உண்டு, ஒண்ணு பின்னாடியே இன்னொண்ணும் போயிடும். இன்னொரு விஷயம், வாங்கும்போது சிஎம்ஆரா எஸ்எம்ஆரான்னு பாத்து வாங்குங்க, ரெண்டும் டிஸ்க்ல டேட்டா எழுதற முறை, சிஎம்ஆர்ல ட்ராக் தனித்தனியா இருக்கும், எஸ்எம்ஆர்ல ட்ராக் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும், தொடர்ந்து எழுதினா ரொம்ப ஸ்லோ ஆகும், ரீபில்டு பண்ணும்போது, அதாவது செத்த டிஸ்க்குக்கு பதிலா புதுசு மாட்டி எல்லாத்தையும் அதுல திரும்ப எழுதும்போது, உயிரை எடுக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் டிஸ்க்ல கூட சில மாடல் எஸ்எம்ஆர்னு 2020லதான் வெளிய தெரிஞ்சுது, அதனால பேரை மட்டும் நம்பாம மாடல் நம்பரைப் பாருங்க.

மதர்போர்டு பயாஸ்லயே (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதல்ல ஓடற போர்டோட சொந்த புரோகிராம்) ரெய்டு ஆப்ஷன் இருந்துச்சு, நான் அதை தொடல, உபுண்டு லினக்ஸ்ல எம்டிஆடம்ங்கற (mdadm) புரோகிராம் வச்சு சாஃப்ட்வேர் ரெய்டுதான் போட்டேன். ஆறு வருஷத்துல நான் எடுத்த நல்ல முடிவு இதுதான்னு சொல்லுவேன். ஏன்னா 2021ல மதர்போர்டு போயிடுச்சு, ரெண்டு டிஸ்க்கையும் கழட்டி தம்பியோட பழைய மெஷின்ல மாட்டி லினக்ஸ் பூட் பண்ணினா தானாவே அடையாளம் கண்டுபிடிச்சு எல்லா ஃபைலும் வந்து நிக்குது, அந்த ரெய்டோட பேர் மட்டும் எம்டி0க்கு பதிலா எம்டி127னு காட்டுச்சு, அதை கான்ஃபிக் ஃபைல்ல எழுதினா சரியாயிடும். பயாஸ் ரெய்டா இருந்திருந்தா அதே மாதிரி போர்டு தேடி அலைய வேண்டி வந்திருக்கலாம்.

முதல் தடவை ரெண்டு டிஸ்க்கும் ஒரே மாதிரி ஆகி முடிக்க சுமார் எட்டு மணி நேரம் ஆச்சு, அது ஓடும்போதே நாம பாட்டுக்கு யூஸ் பண்ணலாம். வேகம் கூடும்னு எதிர்பாக்காதீங்க, எழுதறது ஒரு டிஸ்க் வேகம்தான், ஒரு பெரிய ஃபைல் படிக்கறதும் கிட்டத்தட்ட அதேதான். கரண்ட் கட்டானா என்ன ஆகும்னு நிறைய பேர் கேக்கறாங்க, பிட்மேப்னு ஒண்ணு இருக்கு, எந்த பகுதி எழுதி முடிக்கலன்னு அது குறிச்சு வச்சுக்கும், திரும்ப ஆன் பண்ணினா அந்த பகுதியை மட்டும் சரி பண்ணும், பெரிய டிஸ்க்குக்கு அது தானாவே போட்டுக்கும். ஆனாலும் யுபிஎஸ் இல்லாம வைக்காதீங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். 2022 பிப்ரவரில ஏதோ வேலையா ரெய்டோட ஸ்டேட்டஸ் பாத்தேன், ஓடற ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு யு (U) காட்டும், ரெண்டு யு இருக்க வேண்டிய இடத்துல ஒரு யு, ஒரு அடிக்கோடு. லாக்ல போய் பாத்தா 19 நாளைக்கு முன்னாடியே ஒரு டிஸ்க் மிரர்ல இருந்து வெளிய போயிருக்கு! கம்ப்யூட்டர் எப்பவும் போல ஓடுது, போட்டோ திறக்குது, எதுவும் தெரியல. பத்தொம்போது நாள் ஒத்தை டிஸ்க்ல இருந்திருக்கோம்னு நெனச்சப்ப கை நடுங்கிடுச்சு. எம்டிஆடம் மெயில் அனுப்பும்தான், ஆனா வீட்டு கம்ப்யூட்டர்ல மெயில் அனுப்ப எதுவும் செட் பண்ணி இருக்காது, யாருக்கு அனுப்பும். இப்ப லாகின் பண்ணும்போதே அடிக்கோடு இருந்தா திரை முழுக்க சிவப்பா மெசேஜ் வர மாதிரி சின்ன ஸ்கிரிப்ட் வச்சிருக்கேன். மிரர் போடற அன்னைக்கே இதையும் போட்டு, ஒரு டிஸ்க்கோட கேபிளை கழட்டிட்டு பூட் பண்ணி மெசேஜ் வருதான்னு பாத்துடுங்க. அதே மாதிரி மாசம் முதல் ஞாயிறு நடுராத்திரி உபுண்டு தானா ரெண்டு டிஸ்க்கையும் ஒப்பிட்டு பாக்கும், நான் ராத்திரி ஆஃப் பண்ணிடுவேன், அதனால என் மெஷின்ல அது ஓடவே இல்ல, இப்ப பகல்ல நானே ஓட விடறேன்.

அந்த டிஸ்க் வெளிய போனதுக்கு முதல்ல கேபிள் மேலதான் சந்தேகம், ஸ்மார்ட் ரிப்போர்ட்ல (டிஸ்க் தன் நிலைமையை தானே குறிச்சு வைக்கறது) சிஆர்சி எரர், அதாவது டேட்டா வர வழியில கெட்டுப்போறது, ஏறினா கேபிள், பெண்டிங் செக்டர், அதாவது படிக்க முடியாம நிக்கற இடம், ஏறினா டிஸ்க். எனக்கு பெண்டிங் 56. புது டிஸ்க் வந்ததும் உடனே சேக்கல, ரீபில்டுல மிச்சம் இருக்கற டிஸ்க்கை முதல்ல இருந்து கடைசி வரை படிக்கும், அது போற நேரமும் அதுவாத்தான் இருக்கும், அதனால முதல்ல எல்லாத்தையும் எக்ஸ்டர்னல்ல காப்பி எடுத்தேன். அப்புறம் சீரியல் நம்பர் பாத்து கெட்டுப்போனதை கழட்டினேன். டிஸ்க் மேல மார்க்கர்ல கடைசி நாலு எழுத்தை எழுதி வைங்க, அவசரத்துல நல்லதை கழட்டிட கூடாது.

அந்த காப்பிதான் மூணு மாசம் கழிச்சு காப்பாத்துச்சு. இடம் காலி பண்றேன்னு அப்பா கேசட் ஃபோல்டரை அழிச்சிட்டேன், மிரர் அதையும் ஒழுங்கா ரெண்டுலயும் அழிச்சிடுச்சு, அது வேலையே அதுதானே. வைரஸ், தப்பா அழிக்கறது, தண்ணி, திருட்டு எதுக்கும் மிரர் உதவாது. நாங்க இருக்கறது முடிச்சூர்ல, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் அன்னைக்கு தெருவுல தண்ணி ஏற ஏற சிபியுவை தூக்கி பரண்ல வச்சிட்டு உக்காந்திருந்தோம், ரெண்டு டிஸ்க்கும் ஒரே டப்பாக்குள்ளதானே இருக்கு. ஜனவரில திருச்சி போனப்ப ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் அக்கா வீட்டு பீரோல வச்சிட்டு வந்தேன், பொங்கலுக்கு பொங்கல் மாத்தறேன்.

2019ல வாங்கின இன்னொரு டிஸ்க் இன்னும் ஓடுது, 23 ஆயிரம் மணி நேரம் தாண்டியாச்சு, பெண்டிங் 0. இருந்தாலும் அடுத்த மாசம் புதுசு மாட்டப்போறேன்.