கோல்ட் கோஸ்டில் ஆங்கிலம் படிக்கப் போகிறீர்களா? ஏஜென்ட்டை நம்பி நான் ஏமாந்த கதையைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

2024 ஆகஸ்டில் அப்பாவும் நானும் கோவையில் ஒரு ஏஜென்ட் ஆபீசுக்குப் போனோம். பி.காம் முடித்து இரண்டு வருடம் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஏற்றுமதிப் பிரிவுக்கு மாறலாம் என்றால் வெளிநாட்டுக்காரர்களோடு போனில் பேச வேண்டும், எனக்கோ நாக்கு எழவில்லை. ஆறு மாதம் ஆங்கிலம் பேசும் ஊரில் இருந்து படித்துவிட்டுத் திரும்ப வேண்டும். என் தேவை அவ்வளவுதான்.

அந்த ஆபீஸ் சுவர் முழுக்க ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் கடற்கரைப் படம். ஏஜென்ட் மரியாதையாகப் பேசினார். "நீங்க எதுக்குங்க சார் அலையோணும், எல்லாம் நாங்களே பாத்துக்கறோம்" என்றார் அப்பாவிடம். வீட்டுக்கு வந்தபின் என் போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது: "இங்கிலீஷ் மட்டும் போட்டா விசா வராதுங்க. பிசினஸ் டிப்ளமோவச் சேத்துப் போட்டாத்தான் வரும். அங்க போயி வேண்டாம்னா எப்ப வேணாலும் காலேஜ் மாத்திக்கலாம்." இந்த மெசேஜை நான் அழிக்காமல் வைத்திருந்தேன். பிறகு என்னைக் காப்பாற்றியது அதுதான்.

அவர் சொன்னதில் எதுவும் சரியில்லை. ஆங்கிலப் படிப்புக்கு மட்டும் மாணவர் விசா கொடுக்கிறார்கள். டிப்ளமோவோடு சேர்த்து எடுத்தாலும், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் நான் எடுத்த 5.5-க்கு 10 வாரம் ஆங்கிலம் இருந்தால் போதும். எனக்கு அவர் போட்டது 30 வாரம். மாணவரைச் சேர்த்துவிட்டால் கல்லூரி ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தருகிறது, அது கட்டணத்தைப் பொறுத்துக் கூடும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நாங்களும் தனியாக 1,20,000 ரூபாய் கொடுத்தோம். அதில் 40,000 ஜிபேயில் போனது, மீதி ரொக்கம்.

ஆங்கிலத்துக்கு வாரம் 270 ஆஸ்திரேலிய டாலர், 30 வாரத்துக்கு 8,100. முழுவதையும் கட்டினால் விசா சுலபம் என்றார், கட்டினோம். 25 வாரத்துக்கு மேற்பட்ட படிப்பென்றால், வகுப்பு தொடங்கும் முன் பாதிக் கட்டணத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று அந்த ஊர்ச் சட்டமே சொல்கிறது. நாமாக விரும்பிக் கட்டினால்தான் அதற்கு மேல் வாங்கலாம். நான் விரும்பிக் கட்டியதாக எங்கோ எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். விசாக் கட்டணமாக அப்போது 1,600 டாலர் வேறு கட்டினோம். 2024 ஜூலைக்கு முன் அது 710 ஆக இருந்தது.

2025 ஜனவரி 20, வகுப்பு ஆரம்பம். "கடற்கரை ஓரக் கல்லூரி" என்றது சவுத்போர்ட்டில் கடைகளுக்கு மேலே ஒரு மாடி. ஊர் அழகுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். 50 சென்ட் கொடுத்தால் டிராமில் சர்ஃபர்ஸ் பாரடைஸ் போய்விடலாம். ஆனால் படிக்கத்தானே போனேன்? முதல் நாள் தேர்வு வைத்தார்கள், பிறகு எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார்கள். பிரேசில், கொலம்பியா, தாய்லாந்துப் பிள்ளைகள். சிலர் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள், சிலருக்குப் பெயர் சொல்லவே வராது. ஆங்கில வகுப்பில் ஒரு ஆசிரியருக்கு 18 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. இரண்டு வகுப்பைச் சேர்த்துவிட்ட நாட்களில் நான் எண்ணியிருக்கிறேன்: 23, 25, ஒரு நாள் 26. தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்தேன்.

ஒரு தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இறந்தகால வினைச்சொற்களுக்கான பயிற்சித்தாள். பழைய மாணவர் யாரோ பென்சிலில் விடை எழுதி அழித்த தாளையே ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள். ஒவ்வொரு கோட்டின் மேலும் அந்த விடை மங்கலாகத் தெரியும். ஐந்தாவது கேள்விக்கு அவர் எழுதிய விடை தப்பு. ஆசிரியர் மாறும்போதெல்லாம் அதே தாள் வந்தது, மொத்தம் மூன்று முறை. மார்ச்சில் ஆல்ஃபிரட் புயல் வந்து கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு போனது. கல்லூரியும் மூடியிருந்தது, அதில் யார் தப்பும் இல்லை. ஆனால் நடக்காமல் போன வகுப்புகளுக்கு ஈடாக ஈமெயிலில் வந்ததும் அதே தாள்தான்.

அதற்கு முன்பே, பிப்ரவரியில், ரிசப்ஷனில் போய் என் ஒப்பந்தத்தின் நகல் கேட்டேன். "உங்களுக்குத்தான் அனுப்பியாச்சே" என்று அந்தப் பெண் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். அதில் ஒரு ஈமெயில் முகவரி. என் பெயர், பின்னால் 2024. அந்த முகவரியை நான் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. அதை ஏஜென்ட் உண்டாக்கி அவரே வைத்திருந்தார். ஆஃபர் லெட்டர், ஒப்பந்தம், பணத்தைத் திரும்பப் பெறும் விதிகள் எல்லாம் அதற்கே போயிருந்தன. நகலில் ஒன்பது பக்கம். எனக்குக் கோவையில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தது கடைசிப் பக்கம் ஒன்றுதான். கையெழுத்து என்னுடையது, இல்லையென்று சொல்ல முடியாது. அங்கேயே நின்று முழுவதையும் படித்தேன். எல்லா வார்த்தையும் புரியாவிட்டாலும் வயிறு கலங்கியது.

அப்புறம் கல்லூரி மாற்றக் கேட்டபோதுதான் பெரிய சிக்கல் தெரிந்தது. முதன்மைப் படிப்பில் ஆறு மாதம் முடிக்காமல் வேறு இடத்துக்கு மாற முடியாது. ஆங்கிலமும் டிப்ளமோவும் சேர்த்து எடுத்தால் டிப்ளமோதான் முதன்மைப் படிப்பு. அதாவது 30 வார ஆங்கிலம் அந்தக் கணக்கிலேயே வராது. அது முடிந்து, டிப்ளமோ தொடங்கி, அதற்குப் பிறகு ஆறு மாதம். "எப்ப வேணாலும் மாத்திக்கலாம்" என்றாரே!

கல்லூரி என் விண்ணப்பத்தை நிராகரித்தது. உடன் படித்த கொலம்பியா அக்கா ஒருவர் அந்த நாட்டு விதிப் புத்தகமான நேஷனல் கோட் 2018-ஐத் திறந்து ஏழாவது விதியைக் காட்டினார். ஏஜென்ட்டோ கல்லூரியோ தவறான தகவல் தந்து சேர்த்ததற்கு ஆதாரம் இருந்தால் ஆறு மாதம் ஆகாமலே விடுவிக்கலாம் என்று அதில் இருக்கிறது. நிராகரித்த நாளிலிருந்து 20 வேலை நாட்களுக்குள் கல்லூரியிலேயே மேல்முறையீடு செய்ய வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். வாய்ஸ் மெசேஜை ஆங்கிலத்தில் எழுதி, தலை எண்ணிய நோட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். அங்கும் மறுத்ததால் காமன்வெல்த் ஓம்புட்ஸ்மன் என்ற ஆஸ்திரேலிய அரசின் குறைதீர்ப்பு அமைப்பிடம் புகார் போட்டேன். தனியார் கல்லூரிகளைப் பற்றிய வெளிநாட்டு மாணவர் புகார்களை அவர்கள் விசாரிக்கிறார்கள், கட்டணம் இல்லை. அவர்கள் கல்லூரியிடம் விளக்கம் கேட்ட பிறகு விடுவிப்பு வந்தது.

19 வாரம் முடிந்திருந்தது. மீதி 11 வாரத்துக்கு 2,970 டாலர் வர வேண்டும். தந்தது 1,500. ஒப்பந்தப்படி அவ்வளவுதான் என்றார்கள். இப்போது பிரிஸ்பேனில் வேறு பள்ளியில் படிக்கிறேன். டிப்ளமோ படிக்கத்தான் விசா கொடுத்திருக்கிறார்கள் என்பதால், வேண்டாத அந்த டிப்ளமோவை இங்கும் சேர்த்தே எடுக்க வேண்டியதாயிற்று. ஆங்கில வகுப்பில் 14 பேர். ஆசிரியர் என் உச்சரிப்பைத் திருத்துகிறார். இது ஜனவரியிலேயே கிடைத்திருக்க வேண்டியது.

போகிறவர்கள் தயவுசெய்து விண்ணப்பத்தில் உங்கள் சொந்த ஈமெயிலையும் போன் நம்பரையும் கொடுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்து கல்லூரிக்கு நேரடியாக எழுதி, எந்த முகவரி பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். க்ரிகோஸ் என்ற அரசுப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு படிப்பும் எத்தனை வாரம், என்ன கட்டணம் என்று அதில் இருக்கிறது. ஏஜென்ட் சொல்லும் தொகையை அதோடு ஒத்துப் பாருங்கள். கையெழுத்துக்கு ஒரு பக்கம் மட்டும் வந்தால் மற்ற பக்கங்களைக் கேளுங்கள், தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அவர்கள் அனுப்பும் எந்த மெசேஜையும் அழிக்காதீர்கள்.

ஏஜென்ட் இப்போது அப்பா போனை எடுப்பதில்லை. கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ஜிபே ரசீது 40,000-க்குத்தான் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த 80,000-க்கு, அன்று அப்பா பாங்கில் பணம் எடுத்த பாஸ்புக் பதிவை வைத்திருக்கிறோம். அடுத்த வாய்தாவுக்கு அப்பா ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் போகிறார்.